பெரிய கோர் யாருக்கு?

லேப்டாப் வாங்கப் போகும் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கோர்?" என்பது தான். கடைக்காரரும் சளைக்காமல் "பத்து கோர் சார்" என்கிறார். இன்டெல் கோர் ஐ5-1235யூ ப்ராசசர் போட்ட லேப்டாப் என்றால் அவர் சொல்வது பொய்யில்லை, எண்ணிப் பார்த்தால் பத்து இருக்கும். ஆனால் அதில் பெரியது (பி-கோர்) இரண்டே இரண்டு, மீதி எட்டும் சின்னது (இ-கோர்). ஐ3-என்305 என்று இன்னொன்று இருக்கிறது. எட்டு கோர், எட்டுமே சின்னது! பெயரில் உள்ள "ஐ3"யைப் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. ஃபோன் பக்கம் வந்தால் கேட்கவே வேண்டாம். மீடியாடெக் ஹீலியோ ஜி35 போட்ட ஃபோன்களின் பெட்டியில் "ஆக்டா கோர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே எட்டும் கார்டெக்ஸ்-ஏ53 என்ற சின்ன வகை.

சரி, கடைக்காரரை விடுங்கள். அதை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒரு கேள்வி. பெரிய கோர் இரண்டு தான் இருக்கிறது, ஓடக் காத்திருக்கும் த்ரெட்கள் ஏராளம். அந்த இரண்டும் யாருக்கு என்று முடிவு செய்வது யார்?

ஷெட்யூலர் என்று பதில் சொல்லிவிடலாம், ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் இரண்டு மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்த ஷெட்யூலர் எதை வைத்து முடிவு செய்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஊகம் தான். என் கட்சி என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊகம் போதாது. ஒரு வேலை எப்போதைக்குள் முடிய வேண்டும் என்பதை அந்தப் புரோகிராமே சொல்ல வேண்டும். வரிசையை மீறி ஒன்றை மேலே ஏற்றும் அதிகாரம் மெஷினுக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டும் அரைகுறையாகத் தான் இருக்கிறது.

கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி ஒருவர், கொத்தனார் இரண்டு பேர், சித்தாள் எட்டுப் பேர். யார் எதைச் செய்வது என்று மேஸ்திரி பிரித்துக் கொடுப்பார். ஷெட்யூலர் தான் அந்த மேஸ்திரி. நம் பாடப் புத்தகத்தில் வருகிற மேஸ்திரிக்கு வேலை சுலபம், ஏனென்றால் அங்கே எல்லா ஆட்களும் ஒரே மாதிரி. ரவுண்ட் ராபின், பிரையாரிட்டி என்று எதைப் போட்டாலும் "எந்த வேலை அடுத்தது" என்ற ஒரு கேள்வி தான். 2007 அக்டோபரில் லினக்ஸ் 2.6.23ல் இங்கோ மோல்னார் கொண்டு வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரும் அந்தக் காலத்து ஆள் தான். எல்லாருக்கும் சமமான நேரம் என்பது அதன் கொள்கை. ஆனால் பெரிய கோரில் ஓடிய பத்து மில்லிசெகண்டும் சின்ன கோரில் ஓடிய பத்து மில்லிசெகண்டும் சமமா? நேரம் சமம், முடிந்த வேலை சமமில்லை. அங்கேயே "நியாயம்" என்ற வார்த்தைக்கு அர்த்தம் மாறிப் போகிறது.

எல்லாமே ஒரே அளவில் இருந்த காலத்தில் கூட இது ஒழுங்காக நடக்கவில்லை என்பது இன்னொரு கதை. 2016ல் யூரோசிஸ் மாநாட்டில் ஜான்-பியர் லோசி, அலெக்சாண்ட்ரா ஃபெடரோவா முதலானோர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். "பத்தாண்டு வீணான கோர்கள்" என்கிற மாதிரி அதற்குத் தலைப்பு. சில கோர்கள் சும்மா இருக்கும்போதே வேறு கோர்களின் வரிசையில் த்ரெட்கள் காத்துக் கிடக்கும் பிழைகளை லினக்ஸ் ஷெட்யூலரில் அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சர்வர்களில் உலகம் முழுக்க ஓடுகிற கெர்னல்! சமமான ஆட்களை வைத்தே மேஸ்திரி இப்படி என்றால்...

சின்ன கோர் எதற்கு, எல்லாமே பெரிதாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். காரணம் மின்சாரம். சிப் தின்னும் மின்சக்தி, வோல்டேஜின் இருமடிப் பெருக்கமும் ஃப்ரீக்வென்சியும் சேர்ந்த கணக்கு. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும், அதனால் கடைசி கொஞ்சம் வேகத்துக்கு எக்கச்சக்கமான விலை. இடமும் ஒரு காரணம். இன்டெல் ஒரு பி-கோர் வைக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு இ-கோர்களை வைத்துவிடுகிறது. ஆர்ம் நிறுவனம் 2011 அக்டோபரில் "பிக்-லிட்டில்" என்று கார்டெக்ஸ்-ஏ15ஐயும் கார்டெக்ஸ்-ஏ7ஐயும் ஜோடி சேர்த்தது இதற்காகத் தான். 2013ல் வந்த கேலக்ஸி எஸ்4ன் எக்சினாஸ் மாடலில் நான்கு பெரியது, நான்கு சின்னது. ஆனால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நான்கு தான் ஓடும்! கொத்தனார்கள் வந்தால் சித்தாட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற ஏற்பாடு. பெட்டியில் மட்டும் எட்டு.

அதன் பிறகு லினக்ஸ் மெதுவாகக் கற்றுக்கொண்டது. எந்த கோரில் போட்டால் எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போட்டு இடம் தேடும் முறை 2019 மார்ச்சில் வெளியான 5.0 கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு கோருக்கும் ஒரு திறன் எண். இருப்பதிலேயே பெரிய கோருக்கு 1024, மற்றவைக்கு அதற்குத் தகுந்த மாதிரி குறைவு. ஒரு த்ரெட்டுக்கு எவ்வளவு திறன் தேவை என்று மதிப்பிட்டு, அது அடங்குகிற கோர்களில் மின்சாரம் குறைவாகச் செலவாகும் இடத்தில் உட்கார வைப்பார்கள். கேட்க அழகாகத் தான் இருக்கிறது.

சிக்கல் அந்த "எவ்வளவு தேவை" என்பதில். அது இது வரை அந்த த்ரெட் எப்படி ஓடியது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. பழையதை மெல்ல மறந்து புதியதைச் சேர்த்துக்கொண்டே போகும், 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பழைய மதிப்பு பாதியாகும். இப்போது இதை உங்கள் விரலோடு சேர்த்துப் பாருங்கள். ஃபோனில் ஒரு பக்கத்தைத் தள்ளுகிறீர்கள். அது வரை சும்மா தூங்கிக்கொண்டிருந்த த்ரெட் திடீரென்று முழு வேகத்தில் ஓட வேண்டும். கணக்கில் அது பாதி உயரம் ஏறவே 32 மில்லிசெகண்ட் ஆகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதாவது "அட, இது பெரிய வேலை போலிருக்கே" என்று மேஸ்திரிக்கு உறைப்பதற்குள் இரண்டு ஃப்ரேம் போய்விடும். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் கிட்டத்தட்ட நான்கு. தள்ளியவுடன் ஒரு சின்னத் தடுக்கல் தெரிகிறதே, அதற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் இதுவும் ஒன்று. மறதியை வேகப்படுத்தினால் என்ன என்றால், அப்போது ஒரு நொடி துள்ளிவிட்டு அடங்குகிற த்ரெட்களெல்லாம் பெரிய கோருக்கு ஓடி பேட்டரியைக் குடிக்கும். நடந்ததை வைத்து நடக்கப் போவதைச் சொல்கிற எந்த முறைக்கும் இந்த இழுபறி உண்டு.

ஃபோன் தயாரிப்பாளர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? திரையில் விரல் பட்டவுடன் ஊகத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வேகத்தை ஏற்றிவிடுகிற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். கண் முன்னால் இருக்கும் ஆப்புக்கு எல்லா கோரும், பின்னால் இருப்பவைக்குச் சிலது மட்டும் என்று ஆண்ட்ராய்டு பங்கு பிரித்தது. ஷெட்யூலரின் கணக்கு போதாது, வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட மாதிரி தானே இது?

இன்டெல் கதைக்கு வருவோம். 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறை ப்ராசசர்கள் வந்தன. ஐ9-12900கேயில் எட்டு பெரியது, எட்டு சின்னது. கூடவே "த்ரெட் டைரக்டர்" என்று ஒரு சமாசாரம். ஓடுகிற த்ரெட் எந்த மாதிரி இன்ஸ்ட்ரக்ஷன்களை ஓட்டுகிறது என்பதை ஹார்டுவேரே கவனித்து, "இது பெரிய கோருக்குப் போனால் நன்றாகப் பலன் இருக்கும், இது போனாலும் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று இயங்குதளத்துக்குச் சொல்லும். நல்ல பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குத் தெரிவது இந்த வேலைக்கு எவ்வளவு பலன் என்பது மட்டும் தான். எனக்கு இந்த வேலை அவசரமா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் முடியாது. வைரஸ் ஸ்கேனரும் கம்பைலரும் ஒரே அளவு பலன் பெறலாம். நாளைக்குக் காலையில் ரிவ்யூ இருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றா?

அந்தப் பகுதியை விண்டோஸ் 11 தன் பங்குக்கு ஊகிக்கிறது. முன்னால் இருக்கிற, நீங்கள் தட்டிக்கொண்டிருக்கிற விண்டோவுக்கு உயர்ந்த தரம். கண்ணில் தெரிந்தும் கை வைக்காததற்கு நடுத்தரம். மறைந்திருப்பதற்குத் தாழ்ந்த தரம். பேட்டரியில் ஓடும்போது அந்தத் தாழ்ந்த தரத்துக்குச் சின்ன கோர் தான். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், சத்தம் வருகிற புரோகிராமும் உயர்ந்த தரத்தில் சேர்த்தி. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை மைக்ரோசாஃப்ட்காரர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள் :-) பாட்டு கேட்கும்போது விக்கக் கூடாது என்பதற்காக வைத்தது, அது நியாயம் தான். ஆனால் ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, அது முடியும் வரை மெயில் பார்க்கலாம் என்று விண்டோவைச் சுருக்குகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் சுருக்கியது "இது முக்கியமில்லை" என்பதற்காகவா? "இது ஓடட்டும், நான் காத்திருக்கிறேன்" என்பதற்காக. மெஷின் அதை நேர் எதிராகப் புரிந்துகொள்கிறது. மெயில் பக்கத்துக்குக் கொத்தனார், வீடியோவுக்குச் சித்தாள்.

ஆப்பிள் வேறு பாதையில் போனது. 2014லேயே, அதாவது இரண்டு வகை கோர் மேக்கில் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, புரோகிராம் எழுதுகிறவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரம் சொல்லும் வழியைக் கொடுத்தார்கள். பயனர் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறார், பயனர் கேட்டது, நிதானமாகச் செய்யலாம், பின்னணி என்று நான்கு படி. 2020 நவம்பரில் நான்கு பெரியது, நான்கு சின்னது என்று எம்1 வந்தபோது, புரோகிராம்களில் பாதி ஏற்கெனவே தங்கள் தரத்தைச் சொல்லி வைத்திருந்தன என்றால் மிகையில்லை. பின்னணி என்று சொன்ன வேலை சின்ன கோரிலேயே ஓடும், பெரியது நான்கும் சும்மா இருந்தாலும் சரி. மேக் "வழுக்கிக்கொண்டு" ஓடுகிறது என்று வைத்திருப்பவர்கள் பெருமைப்படுவதில் சிப்புக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பழைய முடிவுக்கும் அவ்வளவு பங்கு என்பேன்.

ஆனால் அங்கேயும் ஒரு கோளாறு. முதல் முறை பேக்கப் எடுக்கிறீர்கள், வேறு வேலையே இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே கிளம்ப வேண்டும். பேக்கப் தன்னைப் பின்னணி என்று சொல்லிக்கொண்டது, அவ்வளவு தான். ஒரு புரோகிராமைக் கீழே தள்ள டாஸ்க்பாலிசி என்ற கட்டளை இருக்கிறது. தன்னைத் தானே பின்னணி என்று அறிவித்துக்கொண்டதை மேலே தூக்க உங்களிடம் வழியில்லை. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள், நான்கு கொத்தனார்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், "அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. சொல்லவிட்டால் எல்லாரும் "நான் தான் முக்கியம்" என்று தானே சொல்வார்கள்? பேருந்து நிலையத்துக்கு வெளியே எல்லா வண்டியும் ஹார்ன் அடிக்கிற மாதிரி, யாருடைய ஹார்னுக்கும் மதிப்பிருக்காது. விண்டோஸில் ஒரு புரோகிராம் தன்னைத் தானே உயர்ந்த தரம் என்று அறிவித்துக்கொள்ளலாம். அப்டேட் தேடுகிற குட்டி சேவகன் கூட அப்படிச் செய்தால் யார் கேட்பது?

இந்தக் கேள்விக்கு யுனிக்ஸ்காரர்கள் 1970களிலேயே ஒரு பதில் வைத்திருந்தார்கள். நைஸ் என்கிற கட்டளை லேபில் எல்லாரும் போட்டிருப்போம். எந்தச் சாதாரண யூசரும் தன் வேலையை "நல்ல பிள்ளையாக" ஆக்கி மற்றவர்களுக்கு வழி விடலாம், யாரையும் கேட்க வேண்டாம். திரும்ப மேலே ஏற வேண்டும் என்றால் சூப்பர்யூசர் அனுமதி வேண்டும். கோர்களுக்கும் இதே விதி தான் சரி என்பது என் எண்ணம். இறங்குவது புரோகிராமின் விருப்பம், ஏற்றுவது மெஷினுக்குச் சொந்தக்காரரின் விருப்பம். விண்டோஸ் 11ன் டாஸ்க் மேனேஜரில் "எஃபிஷியன்சி மோட்" என்று ஒரு புரோகிராமை இறக்க பட்டன் இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்தில் "இதற்குப் பெரிய கோர் கொடு" என்று இன்னொரு பட்டன் இருந்தால் என்ன குறைந்துவிடும்? இந்த கோர், அந்த கோர் என்று நம்பர் போட்டுக் கட்டி வைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது இதற்கு மருந்தில்லை. பூஜ்யமாவது கோர் உங்கள் மெஷினில் பெரியது, இன்னொருவர் மெஷினில் சின்னதாக இருக்கும்.

அதை விட நல்ல யோசனை ஒன்று ஆண்ட்ராய்டில் 2021லேயே, 12ஆம் பதிப்பில் வந்துவிட்டது. ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆப் "நான் முக்கியம்" என்று சொல்லத் தேவையில்லை. "ஒவ்வொரு சுற்றும் இத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும்" என்று இலக்கைச் சொல்கிறது, ஒவ்வொரு சுற்றும் நிஜமாக எவ்வளவு ஆனது என்றும் சொல்கிறது. சீக்கிரமே முடிந்துகொண்டிருந்தால் சிஸ்டம் வேகத்தைக் குறைக்கலாம், தாமதமானால் பெரிய கோருக்கு நகர்த்தலாம். "முக்கியம்" என்பதற்கு அளவுகோல் கிடையாது, யாரும் அவிழ்த்து விடலாம். கெடு என்பதை அளந்து பார்த்துவிடலாம். லினக்ஸும் 2023 அக்டோபரில் 6.6 கெர்னலில் சிஎஃப்எஸ்ஸை விட்டுவிட்டு, 1995ல் எழுதப்பட்ட ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு, யாருடைய கெடு முதலில் என்று பார்க்கிற ஷெட்யூலருக்கு மாறியது. அது எந்த கோர் என்பதை முடிவு செய்வதில்லை, ஒரு கோருக்குள் யார் முதலில் என்பதைத் தான் பார்க்கிறது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

"பெரிய கோர்" என்றால் எது என்பதே குழம்புகிற இடமும் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ்3டி, 2023 பிப்ரவரியில் வந்தது. பதினாறு கோர், எட்டு எட்டாக இரண்டு பகுதி. ஒரு பகுதிக்கு 96 எம்பி கேஷ், ஆனால் உச்ச வேகம் குறைவு. மற்றதற்கு 32 எம்பி தான், ஆனால் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எது வேகமான கோர்? கேம் என்றால் பெரும்பாலும் முதலாவது, வேறு பல வேலைகளுக்கு இரண்டாவது. இதை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? விண்டோஸில் வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பார் "இது கேம்" என்று சொன்னால், கேஷ் குறைந்த எட்டையும் தூங்க வைத்துவிட்டார்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கிய ப்ராசசரின் ஷெட்யூலிங், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிற ஒரு குட்டி மென்பொருளின் கையில். சிரிப்பாக இருந்தாலும், ஹார்டுவேர் எவ்வளவு கவனித்தாலும் "இது என்ன வேலை" என்று யாராவது சொல்லித் தான் ஆக வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மேஸ்திரி உவமை ஒரு இடத்தில் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். சித்தாளுக்குக் கொத்து வேலை தெரியாமல் இருக்கலாம், கோர்கள் விஷயத்தில் அது நடக்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை எந்த நொடியும் வேறு கோருக்கு மாற்றலாம் என்பதால் எல்லாருக்கும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்கள் தெரிந்திருக்க வேண்டும். 12ஆம் தலைமுறையில் பி-கோருக்கு ஏவிஎக்ஸ்-512 தெரியும், இ-கோருக்குத் தெரியாது. விளைவு, சித்தாளுக்காகக் கொத்தனாரின் கையைக் கட்டினார்கள். இ-கோர்களை அணைத்தால் அதைப் பயன்படுத்தலாம் என்று சில மதர்போர்டுகள் வழி விட்டிருந்தன, 2022ல் இன்டெல் அந்த வழியையும் மூடியது.

இதையெல்லாம் பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருக்க முடியாது, ஏனென்றால் புரோகிராம் எழுதப் போகிறவர்கள் நாம் தான். ஒரு உதாரணம். பின்னணியில் ஒரு த்ரெட், சின்ன கோரில் நிதானமாக ஓடிக்கொண்டு ஒரு லாக்கைப் பிடித்திருக்கிறது. திரையை வரைகிற த்ரெட் பெரிய கோரில் வந்து நின்று, அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது. இப்போது உங்கள் ஆப்பின் வேகம் சின்ன கோரின் வேகம். மேக்கில் லாக்கைப் பிடித்திருப்பவர் யார் என்று சிஸ்டத்துக்குத் தெரிந்தால் அவரைத் தற்காலிகமாக மேலே ஏற்றிவிடும். நீங்கள் அங்கே செமஃபோர் போட்டிருந்தால் அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது, யாரை ஏற்றுவது என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. ம்யூடெக்ஸும் பைனரி செமஃபோரும் ஒன்று தான் என்று தேர்வுக்குப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது காத்திருக்கிறது.

இன்டெல்லே தன் மனதை மாற்றிக்கொண்டது. 2021ல் முதலில் பெரிய கோரை நிரப்பு, வழிந்தால் சின்னது என்றிருந்தவர்கள், 2024 செப்டம்பரில் வந்த லூனார் லேக்கில் முதலில் சின்னதில் தொடங்கு, தாங்கவில்லை என்றால் பெரியதற்கு ஏற்று என்று திருப்பிப் போட்டார்கள். அது லேப்டாப் சிப், பேட்டரி முக்கியம், அதனால் சரி தான். ஆனால் மூன்றே வருஷத்தில் தலைகீழாகிற விதி, எனக்காக என்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "எங்கள் அல்காரிதம் இத்தனை விநாடி" என்று எழுதப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். லினக்ஸ் இருந்தால் டாஸ்க்செட் போட்டு அதே புரோகிராமை முதலில் ஒரு பி-கோரிலும், பிறகு ஒரு இ-கோரிலும் ஓட்டிப் பாருங்கள். எல்எஸ்சிபியூ கட்டளையில் ஒவ்வொரு கோரின் உச்ச ஃப்ரீக்வென்சியும் தெரியும், எது எது என்று அதில் பிடித்துவிடலாம். சார்ஜர் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. நான்கு எண்கள் வரும். ரிப்போர்ட்டில் எதைப் போடுவீர்கள், எதற்காக, என்று எனக்கும் சொல்லுங்கள்.